அச்சுப்பொறியின் எட்டுப் பற்கள்

சென்ற ஆண்டு, கோலாலம்பூரை அடுத்த ரவாங்கில் இருக்கும் என் மகள் வீட்டுக்குக் கம்பியே இல்லாமல் அச்சடிக்கும் பொறி ஒன்று வந்து சேர்ந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போன பின்னர், பெட்டிக்குள் இருந்த கையேட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் அமர்ந்தேன். ரூட்டர், நெட்வொர்க், வயர்லெஸ், ஐபி முகவரி என்று வரிசைகட்டி நின்ற சொற்களைக் கண்டு நான் அஞ்சவில்லை. அவற்றுள் பல எனக்குப் புதியவை. ஆயினும் அவற்றின் குலம் கோத்திரம் தெரிந்தவை. அழைப்பவன் யார், கேட்பவன் யார், இருவருக்கும் நடுவே வழி எது, இருவரும் ஒரே முறையில் பேசுகிறார்களா என்னும் நான்கு கேள்விகளே அக்கையேட்டின் நாற்பது பக்கங்களிலும் வேறு வேறு உடையணிந்து நின்றன. பகல் உணவுக்கு முன் முதல் தாள் வெளியே வந்துவிட்டது.

அந்த நான்கு கேள்விகளை நான் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில், கோலாசிலாங்கூருக்கு வடக்கே இருந்த ஒரு தோட்டத்தின் சாமான் அறையில் கற்றேன். கற்றுக்கொண்டதற்கு ஒரு விலையும் கொடுக்கவிருந்தேன். அதனை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் தோட்டம் பாதி ரப்பர், பாதி செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவன். பத்து ஆண்டுகள் ரப்பர்ப் பால் கொட்டகையில் நிறுவைக்கு நின்று, பின்னர் ஆபீசின் பின்கட்டில் இருந்த சாமான் அறைக்குப் பொறுப்பாளன் ஆனேன். அதனால் என்னை எல்லாரும் ‘ஸ்டோர்’ என்றே அழைப்பார்கள். பால்வெட்டும் கத்திகள், செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள்கள், வாளிகள், உர மூட்டைகள் ஆகியவையே என் ஆட்சிக்கு உட்பட்ட குடிகள்.

அவ்வாண்டு தலைமை அலுவலகம் எங்கள் ஆபீசுக்கு ஒரு கணினியும் ஓர் அச்சுப்பொறியும் அனுப்பியது. கணினியைப் பெரிய கிராணியின், அதாவது தலைமை எழுத்தரின், மேசைமீது வைத்தார்கள். அவர் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். வெள்ளைச் சட்டையின் மடிப்பு மாலைவரை கலையாதவர். அச்சுப்பொறியோ, பக்கத்தில் இருந்தவர் பேச்சுக் காதில் விழாத அளவுக்குக் கத்தியது. தோட்ட மேலாளரான துரை தொலைபேசியில் பேச முடியாமல் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், “இந்தச் சேவலைக் கொண்டுபோய் ஸ்டோர்ல கட்டுங்க,” என்றார்.

எங்கள் துரை சுங்கை புரோங் நெல்வயற் பகுதியில் பிறந்த மலாய்க்காரர். உதவி மேலாளரான சின்னத்துரையாகப் பல ஆண்டுகள் எங்கள் மக்களோடு வெயிலில் நின்றவர் ஆதலால் தோட்டத்துத் தமிழை எங்களைப் போலவே பேசுவார்.

இவ்வாறு, கத்திகளுக்கும் வாளிகளுக்கும் நடுவே அச்சுப்பொறி என் குடியானது. அதை மாற்றி அமைக்கக் கோலாலம்பூரிலிருந்து ஒரு பொறிவினைஞர் வந்தார். சுவரைத் துளைத்து நாற்பது அடி நீளமுள்ள கம்பியை இழுத்தார். அவர் பெரிய கிராணியிடம் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே போனார். நான் அவருக்கு டார்ச் பிடித்தேன். ஒரு கையில் டார்ச். மறு கையில் பென்சில். அவர் வாயிலிருந்து உதிர்ந்த ஒவ்வொரு சொல்லையும், பொருள் தெரியாவிட்டாலும், ஒலி கேட்டபடியே தமிழ் எழுத்தில், முழங்காலில் விரித்த ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். சீரியல், பேரலல், போர்ட், பஃபர், பாட் ரேட், பேரிட்டி. ஒரு மூலையில், ‘ஆயிரத்து இருநூறு, எட்டு, நோ’ என்றும் எழுதினேன். அது எதைக் குறித்தது என்று அன்று எனக்குத் தெரியாது.

பெரிய கிராணி அதைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னய்யா எழுதுறே? மந்திரமா?”

“சொல்லு தெரிஞ்சா பொருளு பின்னால வரும் ஐயா.”

“வரும் வரும். பஸ்ஸு மாதிரி, மெதுவா வரும் லா.”

பொருள் உண்மையில் மெதுவாகத்தான் வந்தது. கோலாசிலாங்கூர்ப் பட்டணத்தில் ஓர் ஆங்கிலத் தமிழ் அகராதி வாங்கினேன். அது எனக்குப் பாதி வழிதான் காட்டியது. மீதி வழியைக் காட்டியவர் எங்கள் ஆபீசில் தட்டச்சு வேலை பார்த்த பெண். பாசிர் பெனம்பாங் என்னும் மீனவர் ஊரில் மாமன் வீட்டில் தங்கி, அங்கிருந்து நாள்தோறும் பேருந்தில் வருவார். மதிய இடைவேளையில் நான் கையேட்டை விரித்து வைப்பேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே வாக்கியத்தை வாசித்து, தமக்குப் புரிந்தவரை தமிழில் சொல்லுவார். அதற்குமேல் புரியவேண்டியதை நான் எனக்குத் தெரிந்த உலகத்தில் தேடிக்கொண்டேன்.

போர்ட் என்பது படகுத்துறை என்று எழுதினேன். பாசிர் பெனம்பாங்கில் ஒவ்வொரு படகும் தன் துறையில்தான் அணையும். மீன் இறக்குமிடம் தப்பினால் வாங்குபவன் நிற்கமாட்டான். பேரலல் என்பது எட்டுப் பேர் தோளோடு தோள் சேர்ந்து நடந்து வருவது; சீரியல் என்பது அதே எட்டுப் பேர் வாய்க்கால் பலகையில் ஒருவர் பின் ஒருவராகக் கடப்பது. தூரம் அதிகமானால் தோள் வரிசை கலைந்துவிடும். பலகை வரிசை கலையாது. நாற்பது அடிக் கம்பிக்கு ஏன் சீரியல் என்று அப்போதுதான் விளங்கியது. பஃபர் என்பது பால் கொட்டகைத் தொட்டி. வெட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் வந்து ஊற்றுவார்கள். லோரி தன் வேகத்தில்தான் எடுத்துப் போகும். நடுவில் தாங்குவது தொட்டி. தொட்டி நிரம்பினால் நிறுவைக்காரன் கையை உயர்த்தி, “பொறு,” என்பான். பத்து ஆண்டுகள் அந்தக் கையை உயர்த்தியவன் நானே அல்லவா!

பாட் ரேட் என்னும் சொல்தான் என்னை அலைக்கழித்தது. ஒருநாள் காலைப் பெரட்டில் அதற்கு விடை கிடைத்தது. பெரட்டு என்பது வேலைக்குப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அன்று வழக்கமான மண்டோருக்கு, அதாவது கங்காணிக்கு, காய்ச்சல். புதியவர் ஒருவர் பெயர்களைப் படபடவென்று கூப்பிட்டார். ஒருவர் ‘வந்தேன்’ என்பதற்குள் மூன்று பெயர் போய்விட்டது. வந்தவர் வராதவர் ஆனார். வராதவர் வந்தவர் ஆனார். அழைப்பவனும் கேட்பவனும் ஒரே வேகத்தில் இல்லாவிட்டால் இருவரிலும் குற்றமில்லை. ஆனால் ஏடு முழுதும் பொய். ‘பாட் ரேட்: பெரட்டு வேகம்’ என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

இவ்வாறு முப்பது சொற்களுக்கு மேல் சேர்ந்தன. நாடா மாற்றுவது, தாள் சிக்கினால் எடுப்பது, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது எல்லாம் என் பொறுப்பாயின. தட்டச்சுப் பெண் ஒருநாள் கேட்டார்.

“அண்ணே, நம்ம டிவிஷன் ஆபீசுல வயர்லெஸ் செட்டு இருக்கில்ல? அதுல பேசற மாதிரி, கம்பி இல்லாமலே அங்கேருந்து இங்க அச்சடிக்க முடியுமா?”

“இப்ப முடியாது தங்கச்சி,” என்றேன். ஆயினும் ‘கம்பியில்லா அச்சு: இன்னும் வரவில்லை’ என்று அதனையும் நோட்டில் குறித்து வைத்தேன்.

இதனிடையே தலைமை அலுவலகம் ஒரு கடிதம் எழுதியிருந்தது. ரவாங்கில் கணினி படித்த ஓர் இளைஞரை எங்கள் ஆபீசுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தார்கள். அவர் வந்தால் அச்சுப்பொறியோடு சாமான் அறையும் அவர் வசம் போகும். நான் பழையபடி பால் கொட்டகைக்குப் போகவேண்டும். துரை பதில் எழுதாமல் நாள் கடத்தினார். “இப்போதைக்கு ஸ்டோர் பாத்துக்கிறாரு. ஒரு தப்பு வந்தா அப்புறம் யோசிக்கிறேன்,” என்று பெரிய கிராணியிடம் அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. பால் கொட்டகை இழிவான இடம் அன்று. ஆனால் நான் தேடிச் சேர்த்த முப்பது சொற்களுக்கு அங்கே வேலை இல்லை.

ஆயுத பூசை வந்தது.

எங்கள் சாமான் அறையில் அதற்கென ஒரு வழக்கம் உண்டு. முதல் நாளே கத்தி, அரிவாள், மண்வெட்டி யாவற்றையும் கழுவித் துடைத்து, எல்லா முனையும் ஒரே திசை பார்க்கும்படி அடுக்கவேண்டும். ஒரு கத்தி திரும்பியிருந்தாலும் மண்டோர்கள் பூசையை நிறுத்திவிட்டு அதைத் திருப்பி வைப்பார்கள். ஆயுதங்கள் ஒன்றையொன்று எதிர்த்து நின்றால் அவ்வாண்டு தோட்டத்தில் சண்டை வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவ்வாண்டு முதன்முறையாக அச்சுப்பொறியும் ஆயுதமாயிற்று. நானே அதைத் துடைத்தேன். மூடியில் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, சிறு பூச்சரமும் சாத்தினேன். மாலையில் துரையும் வந்து சுண்டல் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் மாத அறிக்கை போகவேண்டும். எந்தக் காட்டில் (மரப்பகுதியை அப்படித்தான் சொல்வோம்) எவ்வளவு பால், எவ்வளவு குலை என்னும் அவ்வறிக்கையைப் பன்னிரண்டு மணிக்குத் தலைமை அலுவலக வேன் வந்து எடுத்துப்போகும். பத்து மணிக்குப் பெரிய கிராணி கணினியில் கட்டளை கொடுத்தார். அச்சுப்பொறி வழக்கம்போல் கூவியது. நான் தாளைப் பார்த்தேன். எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. நட்சத்திரம், கொக்கி, பாதிக் கோடு, உடைந்த வட்டம், நான் எந்த மொழியிலும் காணாத குறிகள் பக்கம் பக்கமாக வந்தன.

பெரிய கிராணி வந்து தாளைத் தூக்கிப் பார்த்தார்.

“போச்சு! குங்குமம் வெச்சே இல்ல? மெஷினுக்கு அருளு வந்திருச்சு. குறி சொல்லுது பாரு.”

தட்டச்சுப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆரவாரம் கேட்டுத் துரையும் வந்துவிட்டார்.

“என்ன ஆச்சு?”

“குங்குமத்தூள் உள்ள போயிருக்கு துரை,” என்றார் பெரிய கிராணி. “கோலாலம்பூர்லேருந்து ஆளு வரணும். இன்னிக்கு ரிப்போட் போகாது.”

துரை மூடியில் இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தார். நேற்றுச் சுண்டல் தின்ற முகம் மாறியது.

“கம்பெனி சாமான். இனிமே ஆபீசுக்குள்ள பூசை வேணாம். கோயில்ல செஞ்சுக்குங்க. ஸ்டோர், நீ இதத் தொடாதே. நான் ஹெட் ஆபீசுக்குப் போன் போடறேன். அந்த ரவாங் பையனையும் வரச் சொல்லிடறேன்.”

ஒரே மூச்சில் இரண்டும் போயின: என் இடமும், எங்கள் மக்களின் பூசையும். நான் என் வாழ்நாளில் துரையிடம் அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினேன்.

“துரை, அரை மணி நேரம் குடுங்க. குங்குமம்தான்னா நானே ஒத்துக்கிறேன்.”

“எப்படிக் கண்டுபிடிப்பே?”

“இது பேசறதுல தப்பா, கேக்கறதுல தப்பான்னு மொதல்ல பாக்கணும்.”

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அரை மணி,” என்றார். போகவில்லை; ஓர் உர மூட்டையின் மீது அமர்ந்துகொண்டார்.

நான் பொறியை அணைத்தேன். தாள் நகர்த்தும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மீண்டும் போட்டேன். கணினியின் உதவியின்றிப் பொறி தானே தன்னைச் சோதித்துக்கொள்ளும் முறை அது; கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் கற்றது. பொறி கூவியது. ஆங்கில நெடுங்கணக்கு முழுதும், எண்கள் முழுதும், மயிரிழையும் பிசகாமல் வரிவரியாக வந்தன.

“தொண்டை சுத்தமா இருக்கு துரை. குங்குமம் உள்ள போயிருந்தா இது வந்திருக்காது. காதுலதான் தப்பு.”

பெரிய கிராணி, “காதா? மெஷினுக்குக் காது எங்கய்யா இருக்கு?” என்றார்.

“கம்பி வந்து சேர்ற எடம் ஐயா.”

கம்பியின் இரு முனைகளையும் பார்த்தேன். திருகாணிகள் இறுக்கமாக இருந்தன. கம்பி அறுந்திருந்தால் ஒன்றுமே வந்திராது. வருகிறது, ஆனால் பொய்யாக வருகிறது. அந்தக் காலைப் பெரட்டு என் கண்முன் வந்து நின்றது. வந்தவர் வராதவர் ஆனது. வேகம்! அழைப்பவன் ஒரு வேகம், கேட்பவன் ஒரு வேகம்.

தட்டச்சுப் பெண் கையேட்டைப் புரட்டினார். “அண்ணே, பாட் ரேட்டு மாத்தறதுக்கு டிப் ஸ்விட்ச்னு போட்டிருக்கு. கடைசிப் பக்கம் பாக்கணுமாம்.”

டிப் ஸ்விட்ச். என் நோட்டில் அந்தச் சொல் இல்லை. முப்பது சொற்களைச் சேர்த்தவன், அந்த ஒன்றைச் சேர்க்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு சிறு படம் இருந்தது. பொறியின் பின்புறம், கம்பி சேரும் இடத்துக்கு அருகே, அரிசிப் பல் போன்ற எட்டு வெள்ளை விசைகள். சில மேலே, சில கீழே.

அந்த எட்டுப் பற்களையும் எனக்குத் தெரியும். பூசைக்காகப் பொறியைத் துடைக்கும்போது அவற்றைக் கண்டேன். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கோணலாக நின்றன. ஆயுத பூசை அன்று எதுவும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கலாகாதே என்று, ஒரு தீக்குச்சியின் முனையால் எட்டையும் ஒரே திசை பார்க்கும்படி நானே தள்ளி அடுக்கினேன். அடுக்கிவிட்டு, அழகாயிருக்கிறது என்று ஒரு கணம் நின்றும் பார்த்தேன்.

அவ்விடத்தில் எனக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. யாரும் அறியாமல் பின்பக்கம் கையை விட்டு விசைகளை மாற்றிவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் செய்திருந்தால் பழி குங்குமத்தின் தலையிலேயே நின்றிருக்கும். பூசை ஆபீசை விட்டுப் போயிருக்கும். நான் துரையின் முன் சென்று நின்றேன்.

“துரை, இது குங்குமம் இல்ல. நான்தான். பின்னால இருக்கற சின்ன விசைங்களக் கத்தி மாதிரி ஒரே பக்கமா அடுக்கிட்டேன். அதுதான் இதோட கேக்கற வேகம்னு எனக்குத் தெரியாது.”

பெரிய கிராணி வாயைத் திறந்தார். துரையின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

“கேக்கற வேகமா?” என்றார் துரை.

“ஆமா துரை. உங்க சுங்கை புரோங்ல மேல் மதகத் திறந்து விடறாங்க. கீழ் மதகு அதுக்கேத்த மாதிரி தொறக்கலேன்னா?”

“வயலு முங்கிப் போயிடும்.”

“மேலயும் குத்தமில்ல, கீழயும் குத்தமில்ல. அளவு ஒத்துப் போகல. அதேதான்.”

துரை மெல்லத் தலையை ஆட்டினார். “சரி. எந்த அளவுல வெக்கணும், தெரியுமா?”

கையேட்டின் பட்டியலில் ஏழெட்டு வேகங்கள் இருந்தன. கணினி எந்த வேகத்தில் அழைக்கிறது என்பதைப் பட்டியல் சொல்லவில்லை. பெரிய கிராணியைப் பார்த்தேன்; பொறிவினைஞர் அன்று அவரிடம்தான் விளக்கினார். அவர் நெற்றியைத் தடவினார்.

“சொன்னாரு... என்னமோ நம்பர் சொன்னாரு லா.”

நான் என் நோட்டைத் திறந்தேன். முதற் பக்கத்தின் மூலையில், டார்ச் பிடித்துக்கொண்டே கிறுக்கிய எழுத்தில், அது இருந்தது: ‘ஆயிரத்து இருநூறு, எட்டு, நோ.’ பொருள் தெரியாமல் எழுதி வைத்த மந்திரம். வேகம் ஆயிரத்து இருநூறு. ஓர் எழுத்துக்கு எட்டுத் துடிப்பு. பேரிட்டி என்னும் பிழைச்சோதனை இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சொற்கள் தம் பொருளோடு வந்து சேர்ந்தன. பேருந்து மெதுவாகத்தான் வந்தது. ஆனால் வரவேண்டிய வேளைக்கு வந்துவிட்டது.

பொறியை அணைத்தேன். தட்டச்சுப் பெண் பட்டியலை வாசிக்க, நான் தீக்குச்சியால் ஒவ்வொரு பல்லையும் நகர்த்தினேன். “ஒண்ணு மேல. ரெண்டு கீழ. மூணு கீழ. நாலு மேல.” எட்டும் முடிந்தபோது அவை மறுபடியும் கோணலாக நின்றன. இம்முறை அக்கோணல் என் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிந்தது. பொறியைப் போட்டேன். பெரிய கிராணி தம் மேசைக்குச் சென்று கட்டளை கொடுத்தார்.

பொறி கூவியது. முதல் வரியில் எங்கள் தோட்டத்தின் பெயர் முழுதாக வந்தது. அடுத்த வரியில் மாதம். அதன் கீழ், காடு ஒன்று, காடு இரண்டு என்று வரிசையாக எண்கள். துரை உர மூட்டையிலிருந்து எழுந்து வந்து, சுடச்சுட வந்த தாளைக் கிழித்து, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். பன்னிரண்டு மணி வேனில் அறிக்கை சென்றது.

வேன் போனபின் துரை மீண்டும் சாமான் அறைக்கு வந்தார். என் நோட்டைக் கேட்டு வாங்கினார். அவருக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது. ஆயினும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்.

“ரவாங் ஆளு வேணாம்னு எழுதிடறேன்,” என்றார். “பூசையும் செய்யுங்க. ஆனா ஒண்ணு. அடுத்த வருசம் பின்பக்கம் தொடாதே.”

“தொடமாட்டேன் துரை. இப்ப பேரு தெரியும்.”

அன்று மாலை நோட்டில் முப்பத்து நான்காம் சொல்லை எழுதினேன்: ‘டிப் ஸ்விட்ச்: எட்டுப் பற்கள். கோணலே இதன் ஒழுங்கு. காரணம் அறியாமல் நேராக்கலாகாது.’ 

பெரிய கிராணி அந்நாளைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. நான் அவரிடம் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரே ஒரு மாற்றம் நேர்ந்தது: கணினியில் ஏதேனும் சிக்கினால், மேசையிலிருந்தே, “ஸ்டோர், கொஞ்சம் வாங்க,” என்று அழைப்பார். ‘வா’ என்பது ‘வாங்க’ ஆயிற்று.

அடுத்த ஆயுத பூசைக்கு வழக்கம்போல் கத்திகளை ஒரே திசையில் அடுக்கினேன். அச்சுப்பொறிக்கு மூடியில் மட்டும் பொட்டு வைத்தேன். சூடம் ஏற்றும் நேரத்தில் பெரிய கிராணி, “இருங்க, இருங்க. ஒண்ணு விட்டுப்போச்சு,” என்று நிறுத்தினார். மண்டோர்கள் எந்தக் கத்தி திரும்பியிருக்கிறதென்று குனிந்து தேடினார்கள். அவர் என் மேசை இழுப்பறையைத் திறந்து, ஓரம் கிழிந்த அந்த நோட்டை எடுத்துவந்து ஆயுதங்களுக்கு நடுவே வைத்தார். சந்தனத்தில் விரலைத் தோய்த்து, அதன் அட்டையில் தம் கையாலேயே பொட்டிட்டார்.

அந்தப் பொட்டின் கறை அட்டையில் இன்றும் இருக்கிறது. சென்ற ஆண்டு ரவாங்கில் முதல் தாள் கம்பியில்லாமல் வெளிவந்தபின், அந்த நோட்டைத் திறந்து, ‘கம்பியில்லா அச்சு: இன்னும் வரவில்லை’ என்ற வரியைத் தேடினேன். அதன் அருகில், ‘வந்துவிட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.